பூங்கொடிக்கு டோக்கன் நம்பர் இல்லை

சாமி,

நீ பெருந்துறைக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போய் ஐந்து நாள் ஆகிறது. போன் பண்ணினால், சாப்பிட்டேன், ரூம் நன்றாக இருக்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். எனக்குச் சொல்ல இருப்பது அதற்குள் அடங்காது. அதனால் எழுதுகிறேன். சங்கத்தின் ஆண்டறிக்கைக்கு வாங்கிய தாளில் மிச்சம் இருந்தது; அதில்தான் எழுதுகிறேன். அதற்காக இதையும் அறிக்கை என்று நினைத்து, நீ காலேஜ் புத்தகத்தைப் புரட்டியது போலப் புரட்டிவிட்டு மூடி வைத்துவிடாதே. அறிக்கையைப் போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் வாசித்து முடித்துவிட்டேன். நான்கு பக்கம். அதில் எழுத முடியாமல் போனதுதான் இது.

முதலில் உன் வேலை விஷயத்தைப் பேசிவிடுகிறேன். தொழிற்பேட்டையில் ஒரு பெரிய நூல் மில்லில் மனிதவள அதிகாரியாக உனக்கு வேலை கிடைத்ததை நீ அப்பாவிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. அவர் அதை இரண்டு நாள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பையன் ஆபீசர் ஆயிட்டான். நீ அங்க போயி கேட்டுல கொடி புடிச்சு நின்னுராத" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கொஞ்சம் வருத்தம் வந்தது. சங்கச் செயலாளராக இருக்கிற அம்மா, தன் மகன் கம்பெனிப் பக்கம் போய்விட்டான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று நினைத்திருக்கிறாய். உன்னை இருபத்தாறு வருஷம் வளர்த்தும் என்னைப் பற்றி உனக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

யோசித்துப் பார். முப்பது வருஷமாக நான் ஒரு முதலாளியோடுதானே குடும்பம் நடத்துகிறேன்? மூன்று லேத், இரண்டு ஆட்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றாலும் முதலாளி முதலாளிதான். நீ ஏழாவது படித்தபோது நடந்தது ஞாபகம் இருக்கும். பம்ப் கம்பெனி ஆர்டர் அவசரம் என்று உன் அப்பா இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்து வைத்திருந்தார். அந்த இரண்டு பேரும் அவரிடம் கேட்கப் பயந்துகொண்டு, புறவாசல் வழியாக வந்து என்னிடம் சொன்னார்கள். நான் அன்றைக்குச் சாயங்காலமே, அவருக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே, ஞாயிறு விடுமுறை வேண்டும் என்று அவர்கள் சார்பில் கேட்டுவிட்டேன். என் சோற்றைத் தின்றுவிட்டு எனக்கே எதிராகவா என்று அவர் கேட்டார். சோறு யார் ஆக்கியது என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் ஞாயிறு லீவு என்று பட்டறைக் கதவில் அவரே சாக்பீஸால் எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் இருவருக்கும் அந்த வகையில் சண்டை வந்ததில்லை. எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது வேறு, எதிரியாக இருப்பது வேறு என்று எனக்குத் தெரியும். ஆகவே உன் வேலையைப் பற்றி எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. நல்ல சட்டையாக நான்கு வாங்கிக்கொள்.

ஆனால் அந்த வேலையில் உன் கைக்கு என்ன வரப்போகிறது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். அது எனக்கு இந்த ஒரு வருஷத்தில்தான் தெரிந்தது. இத்தனை காலம் மில்லில் நூல் இழை போட்டுக்கொண்டு, செயலாளராகவும் மூன்று வருஷம் இருந்துவிட்டு, ரிட்டையர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது தெரிந்தது என்றால் என் புத்திசாலித்தனத்தை நீயே மெச்சிக்கொள்.

ஆண்டறிக்கையைக் கேட்டவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். தட்ட வேண்டியதுதான். சித்திரை வெயிலில் கேட்டுக்கு எதிரே நீர்மோர்ப் பந்தல் போட்டோம். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வராமல் கிடந்ததற்கு, குடங்களோடு போய் உட்கார்ந்து குழாய் வாங்கினோம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து போகும் பெண்களுக்காக, பஸ் ஸ்டாப்பில் விளக்குப் போட வைத்தோம். புருஷன் செத்துப்போன உறுப்பினர் வீட்டுக்கு ஆள் மாற்றி ஆள் போய், பென்ஷன் பாரத்தை ஒன்பது தடவை திருத்திக் கொடுத்தோம். இதெல்லாம் பெருமையோடுதான் வாசித்தேன். அந்த நான்கு பக்கத்தில், மூன்றாம் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: "கார்டிங் பகுதியில் விபத்துக்குள்ளான சகோதரி பூங்கொடியின் பிரச்சினை சமரசப் பேச்சின் மூலம் தீர்க்கப்பட்டது." அந்த ஒரு வரிக்குப் பின்னால் எட்டு மாதம் இருக்கிறது. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

பூங்கொடிக்கு முப்பத்து நாலு வயது. அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் மில்லில் காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருத்தி. அவர்களைக் காண்ட்ராக்டரின் வேன் ஊர் ஊராகப் போய் ஏற்றிக்கொண்டு வரும்; பின் கேட் வழியாக உள்ளே போய், பின் கேட் வழியாகவே வெளியே போய்விடும். எங்கள் சங்கக் கூட்டம் எப்போதும் முன் கேட்டில். அதனால் ஆறு வருஷம் ஒரே கூரைக்கு அடியில் வேலை செய்தும் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினுக்கு அடியில் கழிவுப் பஞ்சு அள்ளிக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கையை அது உள்ளே இழுத்துக்கொண்டது. நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. ஓடி வந்து மெஷினை நிறுத்தியது அந்தப் பகுதியின் ஃபிட்டர் ஜாபர் பாய். கோட்டைமேட்டுக்காரர், நம் வீட்டு ஃபேனைக்கூட ஒரு தடவை வந்து சரி செய்து கொடுத்தாரே, அவர்தான். தன் துண்டைக் கிழித்து அவளுடைய கையில் சுற்றி வேனில் ஏற்றியிருக்கிறார். வேன் பின் கேட் வழியாகப் போய்விட்டது. நான் நூல் நூற்கிற ஸ்பின்னிங் பகுதியில் இருந்தேன். ஷிப்ட் முடிந்துதான் எனக்குச் செய்தி வந்தது. அதற்குள் அன்றைய ஷிப்ட் பட்டியலில் அவளுடைய பெயர் இல்லாமல் ஆகிவிட்டது.

மறுநாள் கம்பெனியில் கேட்டால், அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை, காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால், அன்றைக்கு அந்த அம்மா லீவு, வீட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷினில் கையை விட்டுக்கொண்டாள் என்றான். விபத்து மில்லில் நடக்கவில்லை என்று ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. வைத்தியம் கிடையாது, வேலை கிடையாது, எதுவுமே கிடையாது. அந்தக் கையோடு வேறு எந்த மில்லும் அவளை எடுக்காது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். புருஷன் லாரிக்குப் போகிறவன், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. அவள் அன்றைக்கு மில்லுக்குள் இருந்தாள் என்று நிரூபிப்பதுதான் எல்லாம்.

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். கொள்ளை ஆவேசத்தோடு போனேன், மறைப்பானேன். சங்கம் உன் பின்னால் நிற்கிறது என்று சொல்ல வேண்டும், அவள் அழ வேண்டும், நான் தேற்ற வேண்டும் என்றெல்லாம் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். போனதும் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். தட்டு வெட்டும் மெஷின் இல்லை. வெட்டிப் போட மாடும் இல்லை. ஒரு ஆடுகூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில், அந்தக் காண்ட்ராக்டர் கையில் கிடைத்திருந்தால் அவனையே மாடாகக் கட்டிப் போட்டிருப்பேன். பூங்கொடி அழவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் எனக்கு மோர் கொண்டு வந்து கொடுத்தாள். நான் பேசியதையெல்லாம் முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்:

"ஏனுங்கக்கா, நாங்க ரெண்டு வருசத்துக்கு முந்தியே சங்கத்துல சேரோணும்னு வந்தமுங்களே. நீங்கதானுங்க டோக்கன் நம்பர் இல்லீன்னு திருப்பி அனுப்பிச்சீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை, சாமி. அவள் சொன்னபிறகு மெதுவாகத்தான் வந்தது. பதினோரு பெண்கள், வேனை ஒரு நாள் விட்டுவிட்டு, சங்க ஆபீசைத் தேடி வந்தார்கள். எங்கள் உறுப்பினர் பாரத்தில் பெயருக்குக் கீழே இரண்டாவது கட்டம் டோக்கன் நம்பர். கம்பெனி தன் நிரந்தரத் தொழிலாளிக்குக் கொடுக்கிற எண் அது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அது கிடையாது. கட்டத்தை நிரப்ப முடியாதவர்களை எப்படிச் சேர்ப்பது என்று நான் சொன்னேன். அதட்டியெல்லாம் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னேன். அதுதான் இன்னும் மோசம். அவர்களும் டீயைக் குடித்துவிட்டு, வாரமுங்கக்கா என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். யார் தொழிலாளி, யார் இல்லை என்று முடிவு செய்ய, கம்பெனி வைத்திருக்கிற பட்டியலையேதான் நாங்களும் பார்த்திருக்கிறோம். கம்பெனியோடு எல்லாவற்றுக்கும் சண்டை போட்ட நாங்கள், இதை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டோம். அந்த வீட்டு வாசலில் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் குடிக்கவே முடியவில்லை. தப்பு என்னுதுதான் என்று அவளிடம் சொன்னேன். அவள், "செரி விடுங்க. இப்ப என்னுங்க பண்ணலாம்?" என்று கேட்டாள். அவளுக்கு என் மன்னிப்பைவிடத் தன் வேலை முக்கியம். அதுதான் நியாயமும்.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். செயற்குழுவில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை. நம் உறுப்பினர் இல்லாத ஒருத்திக்காகக் கம்பெனியை ஏன் பகைக்க வேண்டும், போனஸ் பேச்சு வரப்போகிற நேரத்தில் இது தேவையா என்றார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. அவர்கள்தான் உன் காலேஜ் ஃபீஸுக்காக நான் அலைந்தபோது சீட்டுப் போட்டு எனக்கு முதல் சீட்டு விட்டுக்கொடுத்தவர்கள். பயந்திருந்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்குக் கார்டிங்கில் இருந்தவர்களைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவர் அந்த நேரம் பாத்ரூம் போயிருந்தார். எங்கள் மில்லில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பாத்ரூம் வந்தது அன்றைக்குத்தான்.

தொழிலாளர் அதிகாரி அம்மா முன்னால் நடந்த முதல் பேச்சுக்குக் கம்பெனியின் சார்பாக வந்தது ஒரு தம்பி. உன் வயதுதான் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, நன்றாகத் தேய்த்த சட்டை. மரியாதையாகத்தான் பேசினான். நான் மாடே இல்லாத வீட்டுத் தட்டு மெஷினைப் பற்றிச் சொன்னதும் அதிகாரி அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அப்போது அந்தத் தம்பி தன் போனை எடுத்து, ஒரு படத்தை அதிகாரியிடம் நீட்டினான். எங்கள் சங்க நோட்டீஸ் போர்டின் படம். இரண்டு வருஷத்துக்கு முந்திய தீர்மானம். "காண்ட்ராக்ட் மூலம் வருபவர்கள் இந்த மில்லின் தொழிலாளர்கள் அல்லர் என்பதால் அவர்களைச் சங்கத்தில் சேர்க்க இயலாது." என் கையெழுத்து. குண்டு குண்டாக, அழகாக, கீழே செயலாளர் என்று சீல் வேறு. சங்கமே இவர் இந்த மில் தொழிலாளி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறதே மேடம், நாங்கள் வேறு என்ன சொல்வது என்று அந்தத் தம்பி கேட்டான். பூங்கொடி எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

அதிகாரி அம்மா இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் செயற்குழுவில் ஒரே பேச்சு. அது எழுத்துப்பிழை என்று சொல்லிவிடலாம், பழைய நிர்வாகம் எழுதியது என்று சொல்லிவிடலாம், தீர்மான நோட்டில் அந்தப் பக்கமே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஆளுக்கு ஒரு யோசனை. செயலாளரே தப்பு என்று ஒப்புக்கொண்டால் நாளைக்குப் பேச்சுவார்த்தையில் எவன் நம்மை மதிப்பான் என்றார் பொருளாளர். ஒரு நாள் முழுக்க எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நீ நினைக்கிற மாதிரி உன் அம்மா எப்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறவள் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்க நோட்டைத் திறந்துகூடப் பார்த்தேன். கிழித்தால் அவளுடைய பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

இரண்டாம் பேச்சில் அதிகாரி அம்மா அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டதும் நான் எழுந்து நின்றேன். "அதைய எழுதுனது நானுங்க. தப்பா எழுதிப்போட்டனுங்க. இந்தப் புள்ள ஆறு வருசமா எங்களோட ஒண்ணா வேலை செஞ்சுது. நாந்தானுங்க கண்ணத் தொறந்து பாக்கலை" என்றேன். எங்கள் பொருளாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தம்பி திறந்த ஃபைலை மூடி வைத்தான். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்து, அதற்குத் தயாராக ஒரு ஃபைலே கொண்டு வந்திருந்தான் பாவம். அதற்குப் பிறகு கதவைத் திறந்துகொண்டு ஜாபர் பாய் உள்ளே வந்தார். நான் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிட மனசு வரவில்லை. அவருக்கு ரிட்டையர் ஆக இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் வேலைக்கு வைத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி அவரிடம் சொல்லியிருந்தது. சின்ன மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். அவர் உட்காரக்கூட இல்லை. "அம்மா, மிஷின நிறுத்துனது இந்தக் கைதான். அந்தப் பொண்ணோட ரத்தம் என் சட்டையில பட்டுச்சு. லீவுல இருந்த பொண்ணுக்கு மில்லுக்குள்ள எப்படிம்மா ரத்தம் வரும்?" என்று கேட்டுவிட்டு, தன் பெயரையும் டோக்கன் நம்பரையும் தானே சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அடுத்த பேச்சுக்கு, அன்று பாத்ரூமில் இருந்த எல்லோரும் வந்துவிட்டார்கள்.

இன்னும் நான்கு மாதம் இழுத்தது. ஆனால் அந்த நாளிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பூங்கொடி தங்கள் தொழிலாளிதான், விபத்து மில்லுக்குள் வேலை நேரத்தில்தான் நடந்தது என்று கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்டது. வைத்தியம், இழப்பீடு எல்லாம் சட்டப்படி. அந்தக் கையால் செய்யக்கூடிய வேலையாக ஸ்டோரில் நிரந்தர வேலை. அன்றைக்குச் சங்கத்தில் சேர வந்த மற்ற பத்துப் பெண்களின் பெயரும் நேரடிப் பட்டியலில் ஏற வேண்டும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவும் நடக்கும், நான் ரிட்டையர் ஆவதற்குள் நடக்கும். ஜாபர் பாய்க்கு மட்டும் அந்த இரண்டு வருஷ வேலை கிடைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது தினமும் காலையில் சங்க ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து, காண்ட்ராக்ட் பெண்களுக்கு விபத்துப் பாரம் எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுக்கிறார். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் என்னிடம் பேசியதில்லை, எனக்கும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. ஜெயித்த கதையில் இந்த ஒரு இடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது அந்தத் தம்பி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று எல்லோரும் கீழே டீக்கடைக்குப் போய்விட்டார்கள். நான் தொழிலாளர் அலுவலக மாடியில் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் நின்றான். அப்புறம், "அம்மா, அன்னிக்கு லிஸ்ட்ல இருந்து அவங்க பேரை எடுத்தது நானுங்க. எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். அதுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கலீங்க" என்றான். எனக்கு அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. உன் அப்பா உன் வேலையைப் பற்றி என்னிடம் சொல்லி அப்போது சரியாக ஒரு வாரம். நான் அவனிடம், "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போவுதுங்க தம்பி? அந்தப் புள்ள கீழதான் நிக்குது. அதுகிட்டப் போயிச் சொல்லுங்க" என்றேன். சரிங்கம்மா என்றான். படியில் இறங்கினான். நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கொடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையில் டம்ளரைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அப்படியே திரும்பிக் கம்பெனிக் காரில் ஏறிப் போய்விட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவனைப் பெற்றவளும் நன்றாகத்தான் வளர்த்திருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன ஞாயிறு பொதுக்குழுவில் உறுப்பினர் பாரத்தில் இருந்து அந்த டோக்கன் நம்பர் கட்டத்தை எடுத்துவிட்டோம். பெயர், வேலை செய்கிற பகுதி, அவ்வளவு போதும். பூங்கொடிதான் முதல் பாரத்தை நிரப்பினாள், இடது கையால், கொஞ்சம் கோணலாக. அதற்குப் பிறகு உன் வேலையைப் பற்றி நானே எழுந்து சபையில் சொன்னேன். யாரோ ஒருவர் காதுக்குள் பேசுவதற்கு முன்னால் நான் மைக்கில் பேசிவிடுவது நல்லது. செயலாளர் மகன் அதிகாரி என்றால் செயலாளர் இருக்கலாமா என்று கேட்கிறவர்கள் இப்போதே கேளுங்கள், ஓட்டுக்கு விடலாம் என்றேன். பூங்கொடிதான் எழுந்தாள். "நீங்க இருங்கக்கா, அதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா ஒண்ணு கேக்கோணும். நாளைக்கு அங்க எங்களாட்டம் ஒருத்தி பேரை எடுக்கோணும்னு உங்க பையங்கிட்டச் சொன்னா, அந்தத் தம்பி என்ன பண்ணுமுங்க?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எடுக்க மாட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அந்தச் சபையில் ஒரு தடவை தெரியாததை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அதனால், "அவங்கிட்டக் கேட்டு எழுதறேன்" என்றேன். அந்தக் கேள்வியைத்தான் உனக்கு அனுப்புகிறேன். அடுத்த செயற்குழுவில் உன் பதிலை வாசிப்பேன்.

பதில் எழுதுமுன் ஒன்று தெரிந்துகொள். அதை உன்னிடம் யாரும் மிரட்டிச் சொல்ல மாட்டார்கள். டீ குடித்துக்கொண்டே, உன் தோளில் கை போட்டு, இந்த ஒரு பேரை மட்டும் எடுத்துடுங்க என்பார்கள். கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலை. எடுக்காதே. எடுக்காததற்காக வேலை போனால் நேரே நம் வீட்டுக்கு வா; உன் அப்பா பட்டறையில் ஆள் பற்றாக்குறைதான், ஞாயிறு லீவும் உண்டு. ஒருவேளை பயந்து எடுத்துவிட்டால், அன்றைக்கே அந்த ஆளைத் தேடிப் போய் நானே எடுத்தேன் என்று சொல்லிவிடு. திரும்பிக் காரில் ஏறாதே. அதுவும் உன்னால் முடியாமல் போனால், அப்போதும் வீட்டுக்குத்தான் வா. உனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து சோறு போடுவேன். சாப்பிட்டு முடிக்கும் வரை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மறுநாள் காலையில் பெருந்துறைக்கு பஸ் ஏறி வந்து, நீ எடுத்த பெயருக்கு உரியவள் பக்கத்தில் நாற்காலி போட்டு, உனக்கு எதிரே உட்காருவேன். நான் ஜெயிப்பேன் என்பது உனக்குத் தெரியும், கண்ணு.

அம்மா